இடாப்பில் காலியான நாலு கட்டம்

அந்தப் பின்பெஞ்சுல ஒக்காராதீங்க மிஸ், முன்னுக்கு வாங்க. இது எங்க பெஞ்சு. எங்க குடும்பத்துப் பெஞ்சு. நீங்க என்கூட வந்தவங்கன்னு தெரிஞ்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. கோயிலுக்குள்ள இப்ப யாருமில்லதான், இருந்தாலும் வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல.

பிளாஸ்க்குல தேத்தண்ணி கொண்டாந்திருக்கேன், குடிங்க. கொழும்புக்காரங்களுக்கு நம்ம குளிரு ஒத்துக்காது. பஸ்ஸு மூணரைக்குத்தான். மழைன்னா நாலு ஆகும்.

சரி, ஏழு பேரு. நூறாவது வருசத்துக்குக் கல்லு நடுறாங்க, ‘சபையின் ஆதிக் குடும்பங்கள்’னு தலைப்புப் போட்டு ஏழு பேரு வெட்டணும், திங்கக்கெழம கல் வெட்டுறவன்கிட்ட குடுக்கணும்னீங்க. ஆறு பேரு சொல்லிட்டேன், எழுதிக்கிட்டீங்க. ஏழாவது எங்கப்பா. ஏழாவதுன்னு சொல்றேனே தவிர, வரிசைப்படி முதல்ல வரவேண்டியவரு எங்கப்பாதான். அது அப்புறம் பாத்துக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு சங்கதி இருக்கு. பேனாவ மூடி வைங்க. இது எழுதறதுக்கில்ல. எழுதறதுக்குத்தானோ என்னமோ, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. எசேக்கியேல் மூப்பர்னா இந்தத் தோட்டத்துல ஒரு மரியாத உண்டு மிஸ். நாப்பத்திமூணு வருசம் மூப்பரா இருந்துட்டேன். இந்த வாயால இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

இந்தக் கோயிலக் கட்டினது ஸ்கொட்லாந்துத் தொரைமாரு. செவுத்துல பித்தளத் தகட்டுல அவங்க பேரெல்லாம் பாத்திருப்பீங்க. அவங்க ஊர்லயும் மலைதானாம், மழைதானாம், வயித்துப்பாட்டுக்குத்தான் கப்பலேறி வந்தாங்களாம். காலையில அவங்களுக்கு இங்கிலீசுல ஆராதனை. அது முடிஞ்சி பெஞ்செல்லாம் தொடைச்சப்புறம் மதியத்துக்கு மேல நமக்குத் தமிழ்ல. இது பிரெஸ்பிட்டேரியன் கோயிலு. பிஷப்பு கிடையாது. மூப்பர்மாரு ஒக்காந்து பேசி வச்சதுதான் சட்டம்.

நம்ம சனம் இந்தியாவுல இருந்து கங்காணி கூப்பிட்டு வர்றப்ப, வேதக்காரங்களா இருந்தவங்க அவங்கவங்க ஊர்ச் சபையில ஒரு கடுதாசி வாங்கிக்கிட்டு வருவாங்க. ‘இவர் நம் சபையில் நற்சாட்சி உள்ளவர், அங்கே பந்தியில் சேர்த்துக்கொள்ளவும்’னு போட்டு பாதிரி ஐயர் கையெழுத்து, முத்திரை. அந்தக் கடுதாசி இருந்தா வந்த மாசமே திருவிருந்துல ஒக்காரலாம். இல்லாதவங்க இங்க ஞானஸ்நானம் எடுத்து, ரெண்டு வருசம் பாடம் படிச்சி, அப்புறந்தான். கடுதாசியோட வந்தது ஏழு குடும்பம். அந்த ஏழுக்குந்தான் முன்பெஞ்சு. மூப்பர் வேலையும் அந்த ஏழுக்குள்ளதான் சுத்தும். நீங்க கேட்ட ஆதிக் குடும்பம்னா இதுதான். நாங்க சொல்றது கடுதாசிக் குடும்பம்னு.

கிரேக் பாதிரின்னு ஒரு வெள்ளக்காரப் பாதிரி இருந்தாரு. தமிழ் பேசுவாரு, பைபிள்ல இருக்கற தமிழ். “எங்கள் தேசத்திலும் சாட்சிப் பத்திரமில்லாமல் ஒருவனும் பந்தியில் அமரான்”னு பெருமையா சொல்வாரு. அவங்க ஊர்லயிருந்து கொண்டாந்த வழக்கம் இன்னொண்ணும் இருந்துச்சி. வில்லை. ஈயத்துல செஞ்சது, ரெண்டு சதக் காசு அகலம். வருசத்துக்கு ரெண்டு திருவிருந்து, சித்திரையில ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு. அதுக்கு முந்தின வெள்ளிக்கெழம மூப்பர் லயம் லயமாப் போகணும். ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுலயும் ஒக்காந்து, சண்ட சச்சரவு இருக்கா, குடி இருக்கா, கோயிலுக்கு ஒழுங்கா வர்றியான்னு விசாரிச்சி, தகுதின்னா ஒரு வில்லை குடுக்கணும். ஞாயித்துக்கெழம அந்த வில்லையத் திருப்பிக் குடுத்தாத்தான் மேசையில எடம். வாங்கின வில்லைய வச்சி கோயில் இடாப்புல, அதான் பேரேட்டுல, அவங்கவங்க பேருக்கு நேரா ஒரு கோடு போடணும். ஒரு திருவிருந்துக்கு ஒரு கட்டம். வரலன்னா கட்டம் காலி.

எங்கப்பா செத்தப்புறம் அந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. மூணாங்கிளாசுதான் படிப்பு. ஆனா கோடு போடத் தெரியுமே.

எங்கப்பா கடுதாசி, அந்தா பாருங்க, சாமான் அறைக் கதவுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. கிட்டப் போய் வாசிச்சீங்களா? ‘தாவீது சற்குணம், வயது நாற்பத்தொன்று.’ மண்டபம் கேம்ப்புல கப்பலுக்குக் காத்திருந்து, ஊசி போட்டுக்கிட்டு எங்கப்பா வந்து சேந்தப்ப அவருக்கு இருவத்திரெண்டு இருவத்திமூணு இருக்கும். சின்ன வயசுல நானே எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு, “அப்பா, இதுல நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே”ன்னு கேட்டேன். “எழுதின ஐயருக்குக் கண்ணு மங்கல்”னாரு. நான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? பெத்த அப்பா.

இன்னொண்ணு. எங்கப்பாவ யாராவது “சற்குணம்”னு கூப்பிட்டா ரெண்டாவது தரந்தான் திரும்புவாரு. காது மந்தம்னு நெனச்சோம். ஆனா பக்கத்து மலையில விடிகாலைல வேலைக்குக் கூப்பிடற பெரட்டுத் தப்பு அடிச்சா எங்க எல்லாருக்கும் முன்னாடி அவருக்குக் கேட்டுரும். எங்கம்மா அவர “இந்தா”ன்னு கூப்பிடறதோட சரி.

இப்ப ராகேல் கதைக்கு வர்றேன்.

ராகேல்னு ஒருத்தி. கொழுந்தெடுக்கிறவ. என்னைவிட ஒரு வயசு மூப்பு. அவ ஆத்தா பேச்சியம்மா, எங்கப்பா வந்த அதே கூட்டத்துல வந்தவங்க. இங்க ஞானஸ்நானம் எடுத்து பெர்சீஸ்னு பேரு வச்சாங்க, லயத்துல யாருக்கும் அது வாயில நுழையல. கடுதாசி இல்லாத குடும்பம், அதனால பின்பெஞ்சு. ராகேலுக்குப் புருசன் மரம் விழுந்து செத்துட்டான். மார்த்தாள்னு ஒரே பொண்ணு, அப்ப கைப்புள்ள. வேலையில கெட்டி. வாயிலயும் கெட்டி.

ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்ச அடுத்த வருசம். நான் அப்ப சின்னக் கங்காணி. பதினெட்டுப் பொம்பளைங்க என் கூட்டத்துல. ஒரு நாளு கொழுந்து நிறுக்கற எடத்துல, அவ கூடையில முத்தல் இலை கிடந்துச்சி. கிடந்துச்சின்னுதான் ஞாபகம். நான் கூடையக் கவுத்துக் கொட்டிட்டேன்.

“கண்ணு தெரியலயா? முத்தலையும் கொழுந்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவளுக்கு என்னத்துக்குக் கூடை?”

அவ குனிஞ்சி ஒவ்வொண்ணாப் பொறுக்கிக்கிட்டே சொன்னா: “எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியும் கங்காணியாரே. நாப்பத்தொரு வயசு ஆளையும் மீசை மொளைக்காத பயலையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாம வில்லை குடுத்தாங்களே, அவங்களுக்குத்தான் கண்ணு தெரியல.”

பொம்பளைங்க சிரிப்ப அடக்கிக்கிட்டாங்க. ஒருத்தி, “என்னாடி சொல்ற?”ன்னா.

“ஒண்ணுமில்லக்கா. மண்டபத்துல பேதியில செத்த ஒரு மனுசனுக்கு எங்காத்தா கஞ்சித்தண்ணி ஊத்தினாங்களாம். அந்த மனுசன் துணிமூட்டைய யாரு எடுத்தான்னு எங்காத்தா அடிக்கடி சொல்லும்.”

அவ்வளவுதான் சொன்னா. போதாதா?

நான் வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட கேக்கல. எங்கப்பா செத்து ஒரு வருசந்தான் ஆயிருந்துச்சி. ராகேல் ஆத்தாகிட்டயும் கேக்கல. பேச்சியம்மா அப்ப உசுரோடதான் இருந்தாங்க, எதுத்த லயத்துல, வாசல்ல ஒக்காந்து வெயில் காஞ்சிக்கிட்டு. இருவது அடி நடந்தா கேட்டிருக்கலாம். நடக்கல. கேக்கறதே அத நம்பினமாதிரி ஆயிருமேன்னு.

அந்த வாரமே அவ வேலைக்கு வரல. நான் நிறுத்திட்டேன்னு லயத்துல பேசினாங்க, அது பொய்யி. என் கூட்டத்துல வேணாம்னு மட்டுந்தான் சொன்னேன். வேற கங்காணிமாரு எடுத்திருக்கலாம். எடுக்கல, அதுக்கு நான் என்ன பண்றது? நான் சொல்லி வச்சிருந்தேன்தான். சொன்னா அவங்களுக்குப் புத்தி எங்க போச்சி? அவ டிஸ்பென்சரி ஐயா வீட்டுல புள்ள பாக்கப் போயிட்டா. அது வீட்டு வேல. தோட்டத்துச் செக்ரோல்ல, அந்தச் சம்பளப் பட்டியல்ல, பேரு வராது.

ஐப்பசி வந்துச்சி. வெள்ளிக்கெழம வில்லைப் பையோட அவ காம்பராவுக்குப் போனேன். மூப்பர் போகணுமில்ல, போகாம இருக்க முடியாது. அவ தரையக் கூட்டி, சாக்கு விரிச்சி, “வாங்க மூப்பரே”ன்னா. மரியாதையிலயெல்லாம் கொற வைக்கல.

“நாவடக்கம் இல்லாதவளுக்கு வில்லை கிடையாது. பேசினது தப்புன்னு மன்னிப்புக் கேளு.”

“கேக்கறேன் மூப்பரே. ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னாடியே கேக்கறேன். ஆனா என்ன பேசினேன்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் மன்னிப்புக் கேப்பேன். அப்பதானே சபைக்குப் புரியும்?”

நான் எந்திரிச்சி வந்துட்டேன்.

அப்படி நாலு தரம். ஐப்பசி, சித்திரை, ஐப்பசி, சித்திரை. ஒவ்வொரு தரமும் நான் போவேன், அவ சாக்கு விரிப்பா, நான் கேப்பேன், அவ அதையே சொல்வா. கடேசித் தரம் சிரிச்சே சொன்னா. “உங்களுக்கும் கால் வலிக்குது மூப்பரே, எனக்கும் சாக்கு கிழியுது. ஒண்ணு வில்லையக் குடுங்க, இல்ல வராம இருங்க.” ஒவ்வொரு திருவிருந்து அன்னைக்கும் பின்பெஞ்சுல புள்ளைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா. எல்லாரும் எந்திரிச்சி மேசைக்கு வர்றப்ப அவ மட்டும் ஒக்காந்திருப்பா. தலையக் குனிய மாட்டா. அதுதான் எனக்கு ஆத்திரமா வரும். குனிஞ்சிருந்தா ரெண்டாவது தரமே குடுத்திருப்பேன்னு நெனைக்கிறேன்.

பேச்சியம்மா அந்த ரெண்டு வருசத்துக்குள்ள செத்துட்டாங்க.

கிரேக் பாதிரி ஊருக்குப் போறதுக்கு முந்தி, “எசேக்கியேலே, அந்த ஸ்திரீ ஏன் பந்திக்கு வருவதில்லை?”ன்னு கேட்டாரு. “வாய் நீளம் அய்யா”ன்னேன். “எத்தனை முழம்?”னாரு. நான் சிரிச்சிட்டேன். அவரு சிரிக்கல. “நான் போகுமுன் அவள் பந்தியில் இருக்க வேண்டும்”னாரு. குடுத்தேன். மறுபடி கோடு போட ஆரம்பிச்சேன். அவ மறுபடி கொழுந்துக்கும் வந்துட்டா, வேற கங்காணி கூட்டத்துல. முடிஞ்சி போச்சின்னுதான் மிஸ் நெனச்சேன். மன்னிச்சிட்டேன்னுகூட நெனச்சேன். நான் அவள மன்னிச்சிட்டேனாம்!

வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போனான். நம்ம சனத்துக்கு ஓட்டு இல்ல, நாடு இல்லன்னுட்டாங்க. அதெல்லாம் நீங்க படிச்சிருப்பீங்க. பிரஜாவுரிமை வேணும்னா விண்ணப்பம் போடணும், இத்தன வருசமா ஒரே மூச்சா இங்கதான் இருந்தேன்னு அத்தாட்சி காட்டணும். நடுவுல ஒரு வருசத்துக்கு மேல இந்தியாவுல போய் இருந்திருந்தா அவ்வளவுதான், தள்ளிருவாங்க. காகிதத்துக்கு எங்க போறது? பிறந்ததுக்கே காகிதமில்ல. அப்பத்தான் ஒரு பிரக்கிராசியாரு, வக்கீலு, கண்டுபிடிச்சாரு: கோயில் இடாப்புல ஆறு மாசத்துக்கு ஒரு கோடு இருக்கே, இதைவிட என்ன அத்தாட்சி வேணும்னு. இந்த ஆளு இந்தத் தேதியில இந்த மேசையில ஒக்காந்திருந்தான். கடல் தாண்டிப் போயிருந்தா எப்படி ஒக்காருவான்? அந்த இடாப்பால முப்பத்தெட்டு குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைச்சிச்சி மிஸ். என் கையால போட்ட கோடு. வேணும்னா அத எழுதிக்கங்க.

ஒவ்வொரு விசாரணைக்கும் நான்தான் இடாப்பத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு டவுன்ல இருக்கற அரசாங்க ஆபீசு, கந்தோருக்குப் போவேன். ராகேல் விசாரணை நாளும் போனேன். அன்னைக்குத்தான் என்னோடதும். அவளுக்குக் காலையில, எனக்கு மதியத்துக்கு மேல.

பெரிய மேசை. சிங்களத் தொரை ஒருத்தரு, நல்ல மனுசன், இருமலு. பக்கத்துல மொழிபெயர்க்கிறதுக்கு யாழ்ப்பாணத்துக்காரரு. ராகேல் வெளுத்த சீல கட்டி, மார்த்தாளக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறா. செக்ரோல்ல ரெண்டு வருசம் அவ பேரு இல்ல. டிஸ்பென்சரி ஐயா மாத்தலாகிப் போய் செத்தும் போயிட்டாரு. தொரை இடாப்பத் தொறந்தாரு. விரல வச்சிக்கிட்டே வந்தாரு, கோடு, கோடு, கோடு. நின்னுட்டாரு.

“இந்த நாலு கட்டமும் ஏன் வெறுமையாய்க் கிடக்குது எண்டு துரை கேக்கிறார். ரெண்டு வருஷம். இந்தியாவுக்குப் போய் இருந்தனீயோ?”

“இல்லைங்க ஐயா. இங்கதான் இருந்தேன். மூப்பரு வில்லை குடுக்கல.”

“ஏன் குடுக்கேல்லை?”

அவ என்னப் பாத்தா. மிஸ், அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். என் பைலும் அதே மேசையிலதான் கிடந்துச்சி. முதல் தாளே எங்கப்பா கடுதாசி நகல்தான். சற்குணம் மகன் எசேக்கியேல். அது பொய்யின்னா என் பைல்ல என்ன மிஞ்சும்? அவளுக்கு அது தெரியும். கந்தோர் வாசல்ல என் பொஞ்சாதி மூணு புள்ளைங்களோட ஒக்காந்திருந்தா. வர்றப்ப ராகேல்தான் என் கடேசிப் புள்ளைக்கு ரொட்டி பிச்சுக் குடுத்தா.

“அத மூப்பரே சொல்லட்டுங்க”ன்னா.

அந்த யாழ்ப்பாணத்துக்காரரு என் பக்கம் திரும்பினாரு. “நீர் சொல்லும். இவ சொல்லுறது மெய்யோ? அந்த ரெண்டு வருஷமும் இவ தோட்டத்திலதான் இருந்தவவோ?”

இருந்தான்னு சொன்னாப் போதும். ஏன் வில்லை குடுக்கலன்னா, வாய்ச்சண்டைன்னு சொல்லியிருக்கலாம். என்ன சண்டைன்னு அந்த இருமல் தொரைக்கு என்ன கவலை? இப்பத் தோணுது. நாப்பது வருசமாத் தோணுது. அன்னைக்கு, பின்னாடி பெஞ்சுல நம்ம சபைக்காரங்க ஒம்போது பேரு ஒக்காந்திருந்தாங்க, கடுதாசிக் குடும்பத்து ஆளு மூணு பேரு. சண்டைன்னு வாயத் தொறந்தா, என்ன சண்டைன்னு வரும். என்ன சண்டைன்னு வந்தா...

“எனக்கு ஞாபகமில்லைங்க. தகுதியுள்ளவங்க வந்தா வில்லை குடுக்கறது வழக்கம். கட்டம் காலின்னா ஆளு வரலைன்னு அர்த்தம்.”

அவரு அத சிங்களத்துல சொன்னாரு. தொரை எழுதினாரு. எழுதற பேனாச் சத்தம் எனக்குக் கேட்டுச்சி. மார்த்தாள்தான், “அம்மா, மூப்பரு நம்ம வீட்டுக்கு வருவாருல்ல, சாக்குல ஒக்காருவாருல்ல”ன்னு சொல்லிச்சி. புள்ள சொன்னத அவரு மொழிபெயர்க்கல.

அவளுக்குத் தள்ளிட்டாங்க. எனக்குக் கிடைச்சிச்சி.

என் பைலுக்குப் பயந்து நான் அப்படிச் சொல்லல மிஸ். சபையோட மானம் இருக்கில்ல, இடாப்ப நம்பி முப்பத்தெட்டு குடும்பம் நிக்குதே, மூப்பரே அதுல குத்தம் சொன்னா எல்லார் பைலும் ஆட்டம் கண்டுருமேன்னு... இப்படித்தான் ரொம்ப வருசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தேத்தண்ணி ஆறிருச்சி, ஊத்திருங்க, வேற ஊத்தறேன். பைலுக்குப் பயந்துதான் சொன்னேன்.

அதுக்கப்புறமும் அவ ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்தா. வெள்ளிக்கெழம நான் போவேன், வில்லை குடுப்பேன், வாங்கிக்குவா. ஒரு கேள்வி நான் கேக்கறதில்ல, ஒரு பதில் அவ சொல்றதில்ல. இடாப்புல அவளுக்கு ஒரு கட்டம்கூட நான் காலி விடல. காய்ச்சல்ல படுத்திருந்த ஒரு சித்திரைக்குக்கூட கோடு போட்டேன். என்னத்துக்கு ஆகும்? இருந்தாலும் போட்டேன்.

அப்புறம் ரெண்டு அரசாங்கமும் பேசி, நாடில்லாதவங்கள ஆளுக்கு இத்தனன்னு பங்கு போட்டுக்கிட்டாங்க. அவ பேரு இந்தியா லிஸ்ட்டுல வந்துருச்சி. அவ இந்தியாவப் பாத்ததே இல்ல. மார்த்தாளுக்குக் கலியாணமாகிப் புள்ளைங்களும் இருந்துச்சி. எல்லாரையும் சேத்துத்தான்.

நீங்க வந்ததுல இருந்து என்னப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. சரி, சற்குணம்னு போடுங்க. அதுல பொய்யில்ல. அந்த மனுசன் நெசமாவே ஐயர்கிட்ட கடுதாசி வாங்கிக்கிட்டு இந்தக் கோயிலுக்குன்னு கெளம்பினவருதான். மண்டபத்தத் தாண்டி வந்து சேரல, அவ்வளவுதான். அவருக்கு ஒரு கல்லு இருக்கட்டும். முதல் பேரா வேணாம், ஏழாவதாவே இருக்கட்டும்.

என்ன? அப்ப எங்கப்பாவோட சொந்தப் பேரா?

கேட்டுட்டீங்க. அதத்தான் யாரும் கேட்டிரக்கூடாதுன்னு இருந்தேன்.

அவ போன அன்னைக்கு, பெரட்டுக் களத்துல லொறி நின்னுச்சி. ஒம்போது குடும்பம். தோட்டமே திரண்டு நிக்குது. பொம்பளைங்க கட்டிப்புடிச்சி அழுவுது, நம்ம சபைக்காரங்க பாட்டுப் பாடறாங்க, நாய்ங்ககூட லொறியச் சுத்திச் சுத்தி வருது. மூப்பர்ங்கற முறைக்கு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கைகுடுத்தேன். அவ லொறிக்கு மேல, தகரப் பெட்டி மேல ஒக்காந்திருந்தா. அம்பது வயசுக்கு மேல, முடி பாதி நரைச்சிருச்சி. நான் கைய நீட்டினேன். அவ கையப் புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சா.

மெதுவாத்தான் சொன்னா: “எசேக்கியலு, எங்காத்தாவும் உங்கப்பாவும் ஒரே ஊரு. உங்கப்பா பேரு, யாரு மகன், உன் சனம் எங்க இருக்கு, எல்லாம் எங்காத்தா எனக்குச் சொல்லியிருக்கு. கேளு, சொல்லிட்டுப் போறேன். அங்க போய் உன் சனத்தப் பாத்தாலும் பாப்பேன்.”

மூப்பரேன்னு கூப்பிடல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா. சின்னதுல நாங்க ரெண்டு பேரும் தண்ணி புடிக்கற பீலிக்கரையில ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி தெளிச்சி வெளையாடினவங்கதான்.

பக்கத்துல நாலு பேரு நின்னாங்க மிஸ். அவங்களுக்குக் கேட்டிருக்காது. பாட்டுச் சத்தத்துல கேட்டிருக்கவே முடியாது. ஆனா அவங்க பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் கைய உருவிக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா, “எங்கப்பா பேரு எனக்குத் தெரியாதா? தாவீது சற்குணம்!”னேன்.

அவ நிமிந்து ஒக்காந்துக்கிட்டா. “சரி மூப்பரே”ன்னா.

லொறி போயிருச்சி. கோத்தகிரிப் பக்கம்னாங்க, அப்புறம் அங்க இல்லன்னாங்க. எங்கம்மா அதுக்கு முன்னமே இல்ல. பேச்சியம்மா இல்ல. அந்தக் கூட்டத்துல வந்த கெழங்க ஒண்ணுகூட இல்ல. எங்கப்பா பேரு தெரிஞ்சவ இந்த மலையில அவ ஒருத்திதான் மிச்சமிருந்தா மிஸ், அவளையும் நான்தான் கப்பலேத்தி விட்டேன்.